கயிறு இறுகும்போது நாய்க்குள் என்ன நடக்கிறது?

மயிலாப்பூர் மாட வீதிகளில் விடியற்காலையில் நடப்பவர்கள் இதைக் கவனித்திருக்கலாம். எதிரெதிரே வரும் இரண்டு தெருநாய்கள் எடுத்த எடுப்பில் மோதிக்கொள்வது அபூர்வம். ஒன்று சற்றே விலகி வளைந்து நடக்கும். மற்றொன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு தரையை மோப்பம் பிடிக்கும். பிறகு பக்கவாட்டில் நெருங்கி, ஒன்றையொன்று முகர்ந்துவிட்டுத் தத்தம் வழியே போய்விடும். அதே தெருவில் கயிற்றோடு வரும் ஒரு வயது வளர்ப்பு நாயோ, இருபதடி தள்ளி இன்னொரு நாயைக் கண்டதும் பின்னங்கால்களில் எழும்பி, தொண்டை கிழியக் குரைத்து, கயிறு பிடித்தவரைத் தரதரவென்று இழுக்கிறது. மொட்டைமாடியில் பக்கத்து வீட்டு நாயோடு கொஞ்சி விளையாடும் நாய்தான் அது. தெருவில் மட்டும் ஏன் இப்படி?

நாய்களின் சந்திப்பில் தூரம், கோணம், வேகம் மூன்றும் பொருள் உள்ளவை. நேருக்கு நேர் விறைப்பாக வருவது மிரட்டல். வளைந்து வருவது சமாதானம். கயிறு இந்த மூன்றையும் நாயிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. நாம் நடைபாதையில் நேர்கோட்டில் நடக்கிறோம், நாயும் நேர்கோட்டிலேயே போகவேண்டியிருக்கிறது. பதற்றத்தில் நாம் கயிற்றை இழுத்துப் பிடிக்க, நாயின் முன்னுடல் உயர்ந்து மார்பு புடைக்கிறது. எதிரே வரும் நாய்க்கு அது சண்டைக்கு அழைப்பதுபோலத் தெரிகிறது. செக் நாட்டின் பர்னோ நகரில் உலா செல்லும் நாய்களைக் கவனித்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வு, கயிறில்லாத நாய்களைவிடக் கயிற்றில் இருந்த நாய்களிடையே மிரட்டல் ஏறத்தாழ இரு மடங்கு தென்பட்டதாகச் சொல்கிறது.

பயந்த விலங்குக்கு முதல் வழி விலகி ஓடுவது. கயிறு அதை அடைத்துவிடுகிறது. எஞ்சியிருப்பது எதிராளியை விலகச் செய்வது, அதற்குத்தான் குரைப்பு. எல்லா நாயும் பயத்தால் குரைப்பதில்லை. இளம் நாய்கள் பல, விளையாடப் போகவேண்டும் என்ற ஆசை தடைப்பட்டு, அந்தத் தவிப்பில் கத்துகின்றன. பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

இனி உடலுக்குள் நடப்பது. எதிரே ஒரு நாய் தெரிந்த சில நொடிகளில் அட்ரினலின் பாய்ந்து இதயம் வேகமெடுக்கிறது. அதன் பின்னால் கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் மெல்ல ஏறுகிறது. அது இறங்க நெடுநேரம் ஆகும். தி.நகரில் உஸ்மான் சாலையை ஒட்டிய சந்துகளில் நடக்கும் நாயை நினைத்துப் பாருங்கள். முதலில் ஆட்டோவின் ஹாரன். அடுத்து குப்பை வண்டி. பிறகு சட்டென்று திறக்கும் கடை ஷட்டர். ஒவ்வொன்றையும் அது பொறுத்துக்கொள்கிறது, ஆனால் ஒவ்வொன்றும் உடலில் மிச்சம் விட்டுச்செல்கிறது. நான்காவதாக வரும் சாதுவான பொமரேனியனிடம் அது வெடிக்கிறது. நேற்று அதே பொமரேனியனை அது பேசாமல் கடந்து போயிருக்கக்கூடும்.

குரைப்பு பழக்கமாக நிலைப்பதற்கும் காரணம் உண்டு. எதிரே வந்த நாய் எப்படியும் தன் வழியே போகத்தான் போகிறது. நம் நாயின் கணக்கோ வேறு: ‘நான் குரைத்தேன், அது போய்விட்டது.’ பலன் தந்த செயலை எந்த விலங்கும் கைவிடாது.

வயதும் சேர்ந்துகொள்கிறது. பிரிட்டனில் வழிகாட்டி நாய்களாக வளர்க்கப்பட்டவற்றை ஆராய்ந்து லூசி ஆஷர் குழுவினர் 2020-இல் வெளியிட்ட முடிவு வியப்பானது. ஐந்து மாதத்தில் வளர்ப்பவரின் ‘உட்கார்’ என்ற சொல்லுக்குப் பணிந்த நாய்கள், எட்டு மாதத்தில் அவரிடம் மட்டும் பணியத் தயங்கின. அந்நியர் சொன்னால் கேட்டன. இந்த விடலைப் பருவம் கடந்துபோகும். அப்போது படிந்த அச்சங்கள் தாமாகப் போவதில்லை.

தீர்வின் வேர் ஒரு குழந்தையின் கதையில் இருக்கிறது. முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்ற மூன்று வயதுக்கும் குறைவான சிறுவனைப் பற்றி அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் 1924-இல் எழுதினார். பிடித்த தின்பண்டத்தை அவன் சாப்பிடும்போது, கூண்டிலிருந்த முயலைச் சாப்பாட்டுக்கு இடைஞ்சல் வராத தூரத்தில் வைத்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கினார். கடைசியில் பீட்டர் முயலைத் தொட்டு விளையாடினான். நாய்களுக்கு இன்று செய்வதும் இதுவேதான். இன்னொரு நாய் கண்ணில் பட வேண்டும், காது நிமிர வேண்டும், ஆனால் வேகவைத்த கோழித் துண்டை நீட்டினால் நம் நாய் தின்ன வேண்டும். தின்ன மறுத்தால் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டோம் என்று பொருள். உடனே விலக வேண்டும். வரிசையும் முக்கியம்: முதலில் அந்த நாய் தெரியட்டும், பிறகே தீனி. அப்போதுதான் ‘நாய் வந்தால் நல்லது வரும்’ என்று மூளை கற்கும்.

சென்னையில் பஞ்சம் இந்தத் தூரத்துக்குத்தான். அதைத் தேடிச் சேர்க்க வேண்டும். பெசன்ட் நகர் மணல்வெளியில் அதிகாலையில் எதிரே வருவது நெடுந்தொலைவிலேயே தெரிந்துவிடும். அடையாறு காந்தி நகரின் அகலத் தெருக்களில் எதிர்ப்பக்கம் மாறிக்கொள்ளலாம். மயிலாப்பூரின் ஒடுக்கமான தெருக்களில், நிறுத்தி வைத்த கார் நல்ல மறைப்பு. பார்வை மறைந்தால் பாதிப் பதற்றம் குறையும். சிரித்தபடி ‘வா’ என்றதும் நம்மோடு திரும்பி நடக்க நாயை வீட்டிலேயே பழக்கிவிட வேண்டும். தெருநாய்களுக்குத் தெளிவான எல்லை உண்டு. 2024 கணக்கெடுப்பின்படி நகரில் சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள் இருந்தன. எந்தக் கூட்டத்தின் எல்லை எந்த முனையில் முடிகிறது என்று அறிந்து பாதையை அமைத்துக்கொண்டால் பல மோதல்கள் நேராமலே போகும்.

கயிற்றைக் கழற்றிவிடுவது வழியல்ல. 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஒரு சிறுமியைக் கடித்துக் குதறியதை இந்த நகரம் மறக்கக் கூடாது. கயிறு கட்டாயம் வேண்டும். அது நீளமாக, தளர்வாக, கழுத்தில் அல்லாமல் மார்புப்பட்டையில் கோத்து இருக்கட்டும். கழுத்துப்பட்டை இழுபடும்போது கண்ணின் உள்ளழுத்தம் உயர்வதும், மார்புப்பட்டையில் அப்படி உயராததும் 2006-இல் அளந்து காட்டப்பட்டிருக்கின்றன. வெடுக்கென்று இழுப்பதும் அடிப்பதும் தீங்கு. இன்னொரு நாய் தெரியும்போதெல்லாம் வலி வந்தால், அந்த நாயே வலிக்குக் காரணம் என்று நம் நாய் முடிவு செய்யும். உறுமலை அடக்கினால் எச்சரிக்கை மட்டுமே போகும், அச்சம் உள்ளே இருக்கும். குணம் திடீரென்று மாறியிருந்தால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காதுப் புண்ணோ மூட்டு வலியோ கூட நாயைச் சிடுசிடுப்பாக்கும்.

எதிரே நாயைக் கண்டதும் குரைக்காமல், தானாகவே திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கிறதா? பயிற்சி பலிக்கத் தொடங்கிவிட்டது. அதற்கு வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். அதுவரை அந்த நாய்க்கு வேண்டியது இடம். அதைக் கொடுப்பதில் வளர்ப்பவருக்கு மட்டுமல்ல, தெருவில் நடக்கும் எல்லோருக்கும் பங்குண்டு. யாரேனும் தன் நாயோடு உங்களைக் கண்டு சாலையின் மறுபக்கம் போனால், அவர் உங்களை ஒதுக்கவில்லை. தன் நாய்க்குப் பாடம் நடத்துகிறார். ‘என் நாய் ஒன்றும் செய்யாது’ என்று கிட்டே போகாமல் நீங்களும் நான்கடி விலகினால், அந்தப் பாடத்துக்கு நீங்களும் ஆசிரியர்.