ஆம்போடெரிசின் பி: அடிக்கடி இரத்தப் பரிசோதனை ஏன்?

கருப்புப் பூஞ்சை எனப்படும் மியூகோர்மைகோசிஸ் நோய்க்கு ஆம்போடெரிசின் பி செலுத்தத் தொடங்கியதும், "அடிக்கடி இரத்தம் எடுக்கிறார்களே, சிறுநீரகம் கெட்டுவிட்டதா?" என்று குடும்பத்தார் அஞ்சுவதுண்டு. அப்பரிசோதனை சிறுநீரகம் கெடாமல் காப்பதற்காகவே செய்யப்படுகிறது.

2021ஆம் ஆண்டு கொரோனா இரண்டாம் அலையின்போது இந்நோய் நம் நாட்டில் பரவலாக அறியப்பட்டது. கட்டுப்பாடற்ற நீரிழிவு உள்ளவர்களையே இது பெரிதும் தாக்குகிறது. மூக்கின் வழியாக நுழையும் பூஞ்சை, இரத்தக் குழாய்களை அடைத்துத் திசுக்களை அழுகச் செய்கிறது. கண்ணுக்கும் மூளைக்கும் பரவக்கூடும். இரத்த ஓட்டமற்ற திசுவை மருந்து சென்றடையாது. ஆகவேதான் மருந்துடன் அறுவை சிகிச்சையும் சர்க்கரைக் கட்டுப்பாடும் தேவைப்படுகின்றன.

ஆம்போடெரிசின் பி, 1950களில் வெனிசுலா நாட்டு மண்ணில் வாழும் நுண்ணுயிரி ஒன்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. பூஞ்சையின் உயிரணுச் சவ்வில் எர்கோஸ்டெரால் என்னும் பொருள் உள்ளது. மருந்து அதனுடன் பிணைந்து சவ்வைச் சிதைக்கிறது, பூஞ்சை மடிகிறது. நம் உயிரணுச் சவ்விலுள்ள கொலஸ்டிராலும் அதனை ஒத்ததே. இதனால் மருந்தின் தாக்கம் ஓரளவு நம் உடலிலும், குறிப்பாகச் சிறுநீரகத்திலும், ஏற்படுகிறது.

இரத்தத்தில் கிரியேட்டினின் உயரலாம். பொட்டாசியம், மக்னீசியம் குறையலாம். பொட்டாசியம் மிகவும் குறைந்தால் இதயத் துடிப்பு தடுமாறும். முன்கூட்டியே அறிந்தால், மருந்தின் அளவை மாற்றியும் குறைந்த உப்புகளை ஈடுசெய்தும் சிகிச்சையைத் தொடரலாம். நுண்ணிய கொழுப்பு உறையில் பொதிந்த லைபோசோமல் வகை, சிறுநீரகத்தைக் குறைவாகவே பாதிக்கிறது. ஆயினும் அதற்கும் கண்காணிப்பு வேண்டும். இரு வகைகளுக்கும் மருந்தளவு வேறு. ஒன்றிற்கு ஈடாக மற்றொன்றை அதே அளவில் செலுத்தலாகாது.

குடும்பத்தார் கவனிக்க வேண்டியவை:

• மருந்து ஏறும்போது காய்ச்சலோ குளிர்நடுக்கமோ மூச்சுத்திணறலோ தோன்றினால் செவிலியரிடம் உடனே தெரிவியுங்கள்.

• சிறுநீர் குறைதல், தசைத் தளர்ச்சி, நெஞ்சு படபடப்பு ஆகியவற்றை மறைக்காமல் கூறுங்கள்.

• வலி மாத்திரைகளை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அவற்றுட் பல சிறுநீரகத்தை மேலும் பாதிக்கும்.

• பொட்டாசியம் மிகுந்த இளநீரையும் மருத்துவரைக் கேட்ட பின்னரே கொடுங்கள்.

வீக்கமும் வலியும் குறைந்ததும் நோய் அகன்றதெனக் கருதிச் சிகிச்சையை இடையில் நிறுத்திவிடாதீர்கள். ஊசி மருந்து பல வாரங்கள் தேவைப்படலாம். அதன்பின் போசகோனசோல் போன்ற மாத்திரைகளும் தொடரக்கூடும். எஞ்சிய பூஞ்சை மீண்டும் வளரும் என்பதை மறவாதீர்கள்.