மேலிருந்து விழும் பொட்டலம்

2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் வெள்ளத்தில் மிதந்தபோது, ஹெலிகாப்டரிலிருந்து உணவுப் பொட்டலங்களைப் போட்டார்கள். அது மொட்டை மாடியில் நிற்பவர்களுக்குக் கிடைக்கணும்னா எங்கே விடணும்?

உயரம் 80 மீட்டர், வேகம் விநாடிக்கு 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காற்றுத்தடையை விட்டுவிடலாம். கணக்கை இரண்டாகப் பிரிங்க.

செங்குத்தாக: ஆரம்ப வேகம் பூஜ்யம். புவியீர்ப்பு முடுக்கம் 10 என்றால், 80 = ½ × 10 × நேரத்தின் வர்க்கம். நேரம் 4 விநாடி.

கிடைத்தளத்தில்: ஹெலிகாப்டரின் வேகம் பொட்டலத்துக்கும் உண்டு. தூரம் 20 × 4 = 80 மீட்டர்.

ஆகவே மாடிக்கு 80 மீட்டர் முன்னாலேயே விடணும். நேர் மேலே வந்து விட்டால் சோறு வெள்ளத்தோடு போயிடும்! நண்பர்களே, பரீட்சையிலும் மறக்காதீங்க: உயரத்தை வைத்து நேரம், நேரத்தை வைத்து தூரம்.