பழவங்காடி ஆச்சா?

பெண்ணுக்கு வேலை கிடைத்தது என்று சொன்னால் எங்கள் தெருவில் அடுத்த கேள்வி, "பழவங்காடி ஆச்சா?" என்பதுதான். திருவனந்தபுரத்துக்குப் புதிதாக வந்தவருக்கு ஒன்றும் விளங்காது. பழவங்காடி கணபதிக்கு நேர்ந்துகொண்ட தேங்காயை உடைத்தாகிவிட்டதா என்பது பொருள்.

ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் வழங்கும் இத்தகைய சொல்லைக் குழூஉக்குறி என்று நன்னூல் 13-ஆம் நூற்றாண்டிலேயே வகைப்படுத்தியிருக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் துணியைக் 'காரை' என்பதும் பள்ளியில் நாம் படித்தவை.

ரயில்வேக்காரர்களுக்கும் இவை ஏராளம். எங்கள் வீட்டில் சினிமாவுக்குக் கிளம்புமுன், "லைன் கிளியர் கிடைச்சாச்சா?" என்று கேட்போம். என் மனைவியின் சம்மதம் கிடைத்ததா என்று அர்த்தம். எல்லோரும் சிரிப்போம். மதுரையிலிருந்து வந்த மருமகளும் சிரிப்பாள்.

ஆறு மாதம் கழித்து ஒருநாள் அவள் சொன்னாள்: "மாமா, எல்லாரும் சிரிக்கிறீங்கன்னு நானும் சிரிக்கிறேன். எதுக்குன்னுதான் தெரியலை."

எனக்குச் சுருக்கென்றது. ஒரே வீட்டில் இருந்தும் அவளை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தோமே! உட்கார்ந்து விளக்கினேன். ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே நுழைந்துவிடக் கூடாது. அதற்காக, முன்பெல்லாம் அடுத்த ஸ்டேஷன் சம்மதித்தால்தான் இந்த ஸ்டேஷன் கருவியிலிருந்து டோக்கன் பந்து வெளியே வரும். அது கைக்கு வந்தால்தான் டிரைவர் வண்டியை எடுப்பார். அந்தச் சம்மதம்தான் லைன் கிளியர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் செருப்பை மாட்டும்போது அவளே கேட்டாள்: "மாமா, டோக்கன் கைக்கு வந்தாச்சா?" அன்றுதான் உண்மையாகவே எல்லோரும் சிரித்தோம்.

நம் சங்கக் கூட்டங்களிலும் பழைய அங்கத்தினர்கள் பாதி வார்த்தையில் பேசிச் சிரிக்கிறோம். புதிதாக வந்த குடும்பம் ஓரத்தில் உட்கார்ந்து மரியாதைக்குப் புன்னகைக்கிறது. நமக்கு உறவைக் காட்டும் அதே சொல் அவர்களுக்குத் தாழ்ப்பாளாகிறது. வெளியூரில் பிறந்து வளரும் நம் பேரக் குழந்தைகளுக்கும் அப்படித்தான்.

பழவங்காடி கணபதியும் இங்கே குடியேறியவர்தான். தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து மாறியபோது திருவிதாங்கூர்ப் படைவீரர்கள் அவரை உடன் கொண்டுவந்தார்கள் என்பது கோயில் வரலாறு. இன்றும் கோயில் ராணுவத்தின் பொறுப்பில் இருக்கிறது. பத்மநாபபுரமோ 1956 முதல் தமிழ்நாட்டில்!

ஆகவே அன்பர்களே, அடுத்த முறை "பழவங்காடி ஆச்சா?" என்று கேட்கும்போது, புதியவர் பக்கத்தில் இருந்தால் இந்தக் கதையையும் சொல்லுங்கள். பேரன் இருந்தால் அழைத்துப்போய் அவன் கையிலும் ஒரு தேங்காயைக் கொடுங்கள்.