விமானத்தில் கைப்பெட்டியை கடைசி நேரத்தில் வாங்கிட்டாங்களா? 7 கிலோ, 115 செ.மீ. கணக்கு இதுதான்!

சென்னை,

விமானம் ஏறுகிற நேரம். போர்டிங் பாசை கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும்போது ஊழியர் ஒருவர் வருகிறார். "மேலே இடம் இல்லை சார், இந்த பெட்டியை கீழே அனுப்பிடுறோம்" என்று டேக்கை கட்டி, பெட்டியை வாங்கிக்கொண்டு போகிறார். உள்ளே பணம் இருக்கிறதா, சுகர் மாத்திரை இருக்கிறதா, வேலைக்கான ஒரிஜினல் சர்டிபிகேட் இருக்கிறதா என்று யோசிப்பதற்குள் பெட்டி போய்விடுகிறது.

துபாய், சிங்கப்பூர் என்று பிழைக்கப் போகிறவர்களுக்கு இது புதிது அல்ல. பெட்டியை ஏன் வாங்குகிறார்கள்? எவ்வளவு எடை, எவ்வளவு அளவு வரை கையோடு கொண்டு போகலாம்? வாங்கினால் நாம் என்ன செய்ய வேண்டும்? விவரம் வருமாறு:-

ஒரு ஆள், ஒரு பை

இந்தியாவில் விமான பாதுகாப்பு விதிகளை வகுப்பது பி.சி.ஏ.எஸ். என்ற மத்திய அரசு அமைப்பு. ஒரு பயணி ஒரு கைப்பைதான் கொண்டு போக வேண்டும் என்று 2000-ம் ஆண்டிலேயே இந்த அமைப்பு சுற்றறிக்கை போட்டுவிட்டது. பெண்களின் ஹேண்ட்பேக் போன்ற சில பொருட்களுக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு.

ஆனால் நடைமுறையில் தோளில் ஒன்று, கையில் ஒன்று, இழுத்துக்கொண்டு ஒன்று என்று போவது வழக்கமாகிவிட்டது. சோதனை செய்யும் இடத்தில் கூட்டம் தேங்கியது. இதனால் ஒரு பை விதியை கறாராக பின்பற்ற வேண்டும் என்று ஏர்போர்ட் பாதுகாப்பை கவனிக்கும் மத்திய தொழில் பாதுகாப்பு படை 2022 ஜனவரியில் வலியுறுத்தியது. அதற்கு பிறகுதான் கெடுபிடி அதிகமானது.

எகானமி வகுப்பில் பெரும்பாலான கம்பெனிகளின் எடை வரம்பு 7 கிலோ. அளவு, நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 115 செ.மீ.-க்குள் வர வேண்டும்.

கூட்டல் ஒன்று, வடிவம் வேறு

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். நம்ம ஊர்க்காரர்கள் அதிகம் பயணிக்கும் நாலு கம்பெனிகளின் அளவை பாருங்கள் (எல்லாம் செ.மீ. கணக்கு):-

இண்டிகோ: 55 - 35 - 25

ஏர் இந்தியா: 55 - 40 - 20

எமிரேட்ஸ்: 55 - 38 - 22

ஸ்கூட்: 54 - 38 - 23

எதை கூட்டிப் பார்த்தாலும் 115-தான் வரும். ஆனால் ஒரு கம்பெனிக்கு சரியாக இருக்கும் பெட்டி இன்னொரு கம்பெனியின் அளவு சட்டத்துக்குள் இறங்காது. ஏர் இந்தியாவுக்கு 40 அகலம் சரி. அதே பெட்டி இண்டிகோவில் 5 செ.மீ. அதிகம்.

நாலிலும் செல்லும்படி பெட்டி வேண்டும் என்றால் 54 - 35 - 20 என்ற அளவுக்குள் வாங்க வேண்டும். சக்கரம், கைப்பிடி எல்லாம் சேர்த்துத்தான் இந்த கணக்கு. கடையில் "22 இஞ்ச்" என்று சொல்லி கொடுப்பது 56 செ.மீ. வந்துவிடும். "கேபின் சைஸ்" என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதை நம்பாமல் டேப் வைத்து அளந்து வாங்குவது நல்லது.

எடையிலும் வித்தியாசம் இருக்கிறது. ஸ்கூட்டில் கைப்பெட்டியும் சின்ன பையும் சேர்த்து 10 கிலோ. இண்டிகோவில் 7 கிலோ பெட்டியோடு, 3 கிலோ வரை லேப்டாப் பை அல்லது ஹேண்ட்பேக் ஒன்று தனியாக அனுமதி. கம்பெனிகள் அடிக்கடி விதியை மாற்றுவதால் டிக்கெட்டில் அச்சாகி இருப்பதை ஒரு முறை படித்துவிடுவது உத்தமம்.

இன்னொரு விஷயம். சக்கரம் வைத்த கெட்டி பெட்டி காலியாகவே இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். அப்படியானால் நமக்கு மிச்சம் நாலு கிலோதான். துணிப்பை என்றால் ஒரு கிலோவுக்கு உள்ளேயே முடிந்துவிடும். கிளம்பும் முன்பு தெருமுனை மளிகைக் கடை தராசில் ஒரு தடவை வைத்துப் பார்த்தால் ஏர்போர்ட்டில் எல்லோர் முன்னாலும் பெட்டியை திறந்து துணியை எடுக்கிற அவமானம் மிச்சம்.

இடம் ஏன் பத்தவில்லை?

சரி, 7 கிலோ, 115 செ.மீ. எல்லாம் சரியாக இருக்கிறது. அப்படியும் பெட்டியை வாங்குகிறார்களே, ஏன்?

காரணம் சாதாரண கணக்கு. இண்டிகோ போன்ற கம்பெனிகள் ஓட்டும் ஏ-320 ரக விமானத்தில் 180, 186 பேர் உட்காருகிறார்கள். ஒவ்வொருவரும் அனுமதித்த அளவில் ஒரு பெட்டி கொண்டு வந்தாலே, பழைய மாடல் மேல் ரேக்கில் அத்தனையும் படுக்க வைக்க முடியாது. ரேக் மொத்தமும் பயணிகளுக்கும் அல்ல. ஆக்சிஜன் சிலிண்டர் போன்ற அவசர சாமான்களும் சில இடங்களில் அதற்குள்தான் இருக்கும். முதல் வரிசையிலும், அவசர வழி வரிசையிலும் காலடியில் பை வைக்கக்கூடாது. அவர்கள் பையும் மேலேதான் போகிறது.

ரேக்கின் கதவு மூடினால்தான் விமானம் நகரும். ஒவ்வொரு ரேக்கிலும் இத்தனை கிலோதான் தாங்கும் என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். விமானம் குலுங்கும்போது கனமான பெட்டி தலையில் விழுந்தால் மண்டை உடையும். 7 கிலோ வரம்புக்கு இதுவும் ஒரு காரணம்.

இதை சமாளிக்க விமானம் கட்டும் கம்பெனிகள் ரேக்கையே மாற்றி வருகின்றன. போயிங் 737-ல் 2015 முதல் வந்த புதிய ரேக்கில் பெட்டிகளை படுக்க வைக்காமல் புத்தகம் மாதிரி நிமிர்த்தி அடுக்கலாம். நாலு பெட்டி பிடித்த இடத்தில் ஆறு பெட்டி பிடிக்கும். ஏர்பஸ் கம்பெனியின் புது ரேக்கில் ஐந்து இருந்த இடத்தில் எட்டு என்று சொல்கிறார்கள். ஆனால் பழைய ரேக் உள்ள விமானங்கள் இன்னும் நிறைய பறக்கின்றன. நாம் ஏறுவது எது என்று முன்கூட்டி தெரியாது.

அதனால் யார் கடைசியில் ஏறுகிறாரோ அவர் பெட்டிதான் கீழே போகும். விதிப்படி கொண்டு வந்தவர், மீறிக் கொண்டு வந்தவர் என்ற பாகுபாடு அந்த நேரத்தில் கிடையாது.

காசு கதையும் உண்டு

முன்பெல்லாம் டிக்கெட் எடுத்தால் பெரிய பெட்டியும் அதிலேயே சேர்த்தி. 2008-ல் எண்ணெய் விலை ஏறியபோது அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனி, உள்நாட்டு பயணத்தில் கீழே போடும் முதல் பெட்டிக்கே 15 டாலர் வசூலிக்க ஆரம்பித்தது. மற்ற கம்பெனிகளும் பின்னாலேயே வந்தன. ஜனங்கள் என்ன செய்வார்கள்? எல்லாவற்றையும் கைப்பெட்டியில் திணித்தார்கள். மேல் ரேக் நிரம்பி வழிந்தது. அமெரிக்காவின் ஸ்பிரிட் கம்பெனி 2010-ல் மேல் ரேக்கில் வைக்கும் பெட்டிக்கும் காசு கேட்டது.

ஐரோப்பாவில் இது கோர்ட்டு வரை போனது. நியாயமான எடை, அளவு உள்ள கைப்பெட்டி பயணத்தின் அவசியமான பகுதி, அதற்கு தனிக்கட்டணம் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014-ல் சொன்னது. இந்த மாதிரி வசூலுக்காக ரையன் ஏர் உள்பட ஐந்து கம்பெனிகளுக்கு 2024 நவம்பரில் ஸ்பெயின் அரசு மொத்தம் 17 கோடியே 90 லட்சம் யூரோ அபராதம் போட்டது.

உலகம் முழுவதும் ஒரே அளவு கொண்டு வரவும் முயற்சி நடந்தது. விமான கம்பெனிகளின் சர்வதேச சங்கமான ஐயாட்டா 2015 ஜூனில் 55 - 35 - 20 என்று ஒரு அளவை அறிவித்தது. இருப்பதையும் குறைக்கிறார்கள் என்று எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே அதை நிறுத்தி வைத்துவிட்டது. அதனால்தான் இன்றைக்கும் ஆளுக்கு ஒரு அளவு.

பெட்டியை வாங்கினால் என்ன செய்யணும்?

சண்டை போட்டு பலன் இல்லை. ஆனால் சும்மாவும் கொடுத்துவிடக் கூடாது.

* டேக் கட்டும்போதே அதன் துண்டு சீட்டை கேட்டு வாங்குங்கள். அந்த நிமிஷத்தில் இருந்து பெட்டி கம்பெனியின் பொறுப்பு. சீட்டு இல்லை என்றால் பெட்டியை கொடுத்ததற்கு சாட்சி இல்லை.

* பணம், நகை, பாஸ்போர்ட், விசா பேப்பர், சர்டிபிகேட், மாத்திரை, செல்போன், பவர்பேங்க் எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். "ஒரு நிமிஷம் கொடுங்க" என்று கேட்டால் தப்பில்லை.

* பெட்டியை எங்கே எடுப்பது என்று கேளுங்கள். விமானத்தின் வாசலிலா, பெல்ட்டிலா? இடையில் விமானம் மாறுகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

* செல்போனில் பெட்டியை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

* இறங்கிய ஊரில் பெட்டி வரவில்லை, உடைந்திருக்கிறது என்றால் ஏர்போர்ட்டை விட்டு வெளியே வரும் முன்பே கம்பெனி கவுண்டரில் எழுத்து மூலம் புகார் கொடுத்து நம்பர் வாங்குங்கள்.

நஷ்ட ஈடு எவ்வளவு?

வெளிநாட்டு பயணத்துக்கு மாண்ட்ரீல் ஒப்பந்தம் என்ற சர்வதேச சட்டம் இருக்கிறது. இந்தியா 2009-ல் இதில் சேர்ந்தது. இதன்படி கீழே போட்ட பெட்டி தொலைந்தாலோ, சேதமானாலோ கம்பெனிதான் பொறுப்பு. நாம் கையிலேயே வைத்திருக்கும் பைக்கு, கம்பெனியின் தப்பு என்று காட்டினால்தான் பணம்.

சேதம் என்றால் பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள், தாமதமாக வந்தது என்றால் 21 நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். 21 நாள் ஆகியும் வராத பெட்டிக்கு, தொலைந்ததாகவே கருதி ஈடு கேட்கலாம்.

ஆனால் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். அதாவது ஏறக்குறைய 2 ஆயிரம் டாலர். எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நிதியத்தின் கணக்கு. இது அதிகபட்சம்தான். எவ்வளவு நஷ்டம் என்று காட்டுகிறோமோ அவ்வளவுதான் கிடைக்கும். உள்நாட்டு விமானம் என்றால், மத்திய அரசு 2019-ல் வெளியிட்ட பயணிகள் சாசனப்படி வரம்பு 20 ஆயிரம் ரூபாய்.

ஐந்து பவுன் நகை பெட்டியில் போனால் இந்த பணம் எந்த மூலைக்கு? போதாக்குறைக்கு நகை, ரொக்கம், முக்கிய பத்திரங்களை கீழே போடும் பெட்டியில் வைக்கக்கூடாது என்று பெரும்பாலான கம்பெனிகள் நிபந்தனையிலேயே எழுதி வைத்திருக்கின்றன.

பவர்பேங்க் ஜாக்கிரதை

பவர்பேங்கை கீழே போடும் பெட்டியில் எந்த காரணத்துக்காகவும் வைக்கக்கூடாது. லித்தியம் பேட்டரி தானாக சூடாகி தீப்பிடித்தால் சரக்கு அறையில் போய் அணைக்க ஆள் இல்லை. கைப்பெட்டியை கடைசி நேரத்தில் வாங்கும்போது பலரும் மறப்பது இதைத்தான்.

மேல் ரேக்கிலும் இதற்கு ஆபத்து உண்டு. 2025 ஜனவரி 28-ந்தேதி தென்கொரியாவின் கிம்ஹே ஏர்போர்ட்டில் புறப்பட இருந்த ஏர் பூசான் விமானத்தில் பின்பக்க மேல் ரேக்கில் தீ பிடித்தது. உள்ளே இருந்த 176 பேரும் தப்பினார்கள். விமானம் எரிந்து போனது. பவர்பேங்க்தான் காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் தெரியவந்தது. மார்ச் 1 முதல் பவர்பேங்கை மேல் ரேக்கில் வைக்க கொரியா தடை போட்டது. எமிரேட்ஸ் கம்பெனியும் 2025 அக்டோபர் 1 முதல் ஒரு ஆளுக்கு ஒரு பவர்பேங்க், அதையும் மேலே வைக்கக்கூடாது, விமானத்தில் உபயோகிக்கக்கூடாது என்று அறிவித்தது.

ஆபத்து என்றால் பெட்டியை மறந்திடுங்க

2016 ஆகஸ்டு 3-ந்தேதி திருவனந்தபுரத்தில் இருந்து போன எமிரேட்ஸ் விமானம் துபாயில் இறங்கும்போது ஓடுபாதையில் வயிறு உரச விழுந்தது. குமரி மாவட்டத்துக்காரர்களும் அதிகம் ஏறும் ஏர்போர்ட் அது. விமானத்தில் இருந்த 300 பேரும் உயிர் தப்பினார்கள். கொஞ்ச நேரத்தில் எண்ணெய் டேங்க் வெடித்ததில் தீயணைப்பு வீரர் ஒருவர் பலியானார். புகைக்கு நடுவில் சிலர் மேல் ரேக்கை திறந்து பெட்டியை இழுத்த வீடியோ அப்போது உலகம் முழுவதும் சுற்றியது.

திட்டுவது சுலபம். அந்த பெட்டிக்குள் பாஸ்போர்ட்டும் வருஷக்கணக்கில் சேர்த்த காசும் இருந்தால் கை தானாகவே மேலே போகும்.

பாதி கதவுகளை மட்டும் திறந்து 90 விநாடிக்குள் எல்லோரும் வெளியேற முடியும் என்று நிரூபித்த பிறகுதான் ஒரு விமான ரகத்துக்கு அனுமதியே கொடுக்கிறார்கள். அந்த சோதனையில் யாரும் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடுவதில்லை. 2024 ஜனவரி 2-ந்தேதி டோக்கியோ ஹனேடா ஏர்போர்ட்டில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் இன்னொரு விமானத்தில் மோதி தீப்பிடித்தபோது, பெட்டியை விட்டுவிட்டு வரச் சொன்ன ஊழியர்களின் பேச்சை பயணிகள் கேட்டார்கள். அதில் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

அதனால் ஊரில் இருந்து கிளம்பும்போதே பிரித்து கட்டுங்கள். பாஸ்போர்ட், பணம், மாத்திரை, முக்கிய பேப்பர் நாலும் கழுத்திலோ இடுப்பிலோ மாட்டும் சின்ன பையில் உடம்போடு இருக்கட்டும். துணிமணி, தின்பண்டம் மட்டும் 7 கிலோ பெட்டியில் இருக்கட்டும். அந்த பெட்டியை கேட்டில் வாங்கினாலும் சரி, விமானத்திலேயே விட்டுவிட்டு ஓட வேண்டி வந்தாலும் சரி, முக்கியமானது உங்கள் உடம்போடு இருக்கும்.