பயறுக்குள் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு

மளிகைக் கடையில் டபுள் பீன்ஸ் என்று வெள்ளையாக, அகலமாக, தட்டையாக விற்பார்கள். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். காம்பு ஒட்டியிருந்த தழும்பிலிருந்து விளிம்பு வரை மெல்லிய கோடுகள் கதிர்கதிராக ஓடும். மொச்சையில் அது கிடையாது. அங்கே ஓரத்தில் நீளமாக ஒரு வெள்ளைத் தழும்பு துருத்திக்கொண்டிருக்கும். மொச்சை நம் பக்கத்துப் பழைய பயிர். டபுள் பீன்ஸ் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. பெருவின் தலைநகரை வைத்து லிமா பீன்ஸ் என்று உலகம் அழைப்பது இதைத்தான். அந்நாட்டின் வடகடலோரத்தில் வாழ்ந்த மோச்சே மக்கள், கைகால் முளைத்து ஆயுதமேந்தி ஓடும் பயறு வீரர்களைத் தங்கள் பானைகளில் வரைந்து வைத்திருக்கிறார்கள்.

இந்தச் செடி உண்மையிலேயே சண்டைக்காரச் செடிதான். இலையிலும் விதையிலும் லினமாரின் என்ற பொருளைச் சேர்த்து வைக்கிறது. அதை உடைக்கும் நொதியும் அதே செடியில் இருக்கிறது, ஆனால் தனி இடத்தில். பூச்சி கடித்துத் திசு நசுங்கினால் இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு வெளியாகும். மரவள்ளிக்கிழங்கில் இருப்பதும் இதே லினமாரின்தான். இலங்கையில் மரவள்ளியை மூடி போடாமல் அவிக்கச் சொல்வது இதற்காகவே.

சிலந்திப்பேன் தாக்கினால் இன்னொரு வித்தை. இலை ஒரு வாசனையை விடும். அதை மோப்பம் பிடித்து, சிலந்திப்பேனைத் தின்னும் வேறு வகைப் பேன்கள் வந்து சேரும். 1980களில் நெதர்லாந்தின் மார்செல் டிக்கே, மாரிஸ் சபெலிஸ் ஆகியோர் இதை ஆய்ந்து எழுதியபோது, செடி ஆள் கூப்பிடுமா என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு.

இவ்வளவு காவல் எதற்கு? உள்ளே சரக்கு அதிகம். பயறு வகைச் செடிகளின் வேர் முடிச்சுகளில் ரைசோபியம் பாக்டீரியா குடியிருந்து, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிறது. முடிச்சு ஒன்றைக் கிள்ளிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும்; நம் ரத்தச் சிவப்புக்குக் காரணமான ஹீமோகுளோபினின் உறவுக்காரப் புரதம்தான் அந்த நிறத்தைத் தருகிறது. அந்த நைட்ரஜன்தான் விதையில் புரதமாகிறது. லினமாரினைக் கட்டவும் நைட்ரஜன் வேண்டும். முடிச்சு நன்றாக அமைந்த செடியின் இலையில் சயனைடு கூடுதலாக இருப்பதையும் ஆய்வில் கண்டிருக்கிறார்கள்.

நமக்குக் கிடைப்பது அந்தச் சேமிப்பு. வெந்த டபுள் பீன்ஸ் 100 கிராமில் சுமார் 8 கிராம் புரதம், 7 கிராம் நார்ச்சத்து, கொஞ்சம் இரும்பு, நிறைய பொட்டாசியம். அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் பயறில் தாராளம். பயறில் குறையும் மெத்தியோனினை அரிசி ஈடுகட்டும். சோறும் குழம்புமாகச் சாப்பிடும் வீட்டுக்குப் புரதப் பவுடர் டப்பா எதற்கு என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கடையில் கிடைக்கும் வெள்ளை ரகங்களில் லினமாரின் மிகக் குறைவு. விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்த பலன். இருந்தாலும் பச்சையாக மெல்ல வேண்டாம். இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் நன்றாக வேகவிட்டால் போதும். லினமாரின் நீரில் கரையும், சயனைடு ஆவியோடு போய்விடும். வாயுத்தொல்லை தரும் சர்க்கரைகளில் ஒரு பகுதியும் ஊறிய தண்ணீரோடு கழியும். ராஜ்மாவில் விஷம் வேறு: லெக்டின். கொதிநிலையை எட்டாமல் மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வைத்தால் அது அழியாது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். குக்கர் விசில் அடிக்கும் வீட்டில் இந்தப் பயம் இல்லை.

புளியை மட்டும் முதலிலேயே ஊற்றிவிடாதீர்கள். புளிப்பு பட்டால் பயறின் செல் சுவர் இளகாமல் கடினமாகவே நிற்கும். விரலால் நசுக்கி மசிகிறதா என்று பார்த்த பிறகு சேர்க்கலாம். வருடக்கணக்காக டப்பாவில் கிடந்த பயறு என்றால் புளி இல்லாமலேயே அடம்பிடிக்கும். வாங்கும்போதே புதுசா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.