அடித்தொண்டையில் பேசும் தொப்பி

கச்சேரிக்குப் போகிறவர்கள் பாடகரைப் பார்க்கிறார்கள். பிடிலைப் பார்க்கிறார்கள். மிருதங்கத்தின் பக்கம் திரும்பினால், வாசிப்பவரின் வலது கையைத்தான் பார்க்கிறார்கள். அந்தக் கைதான் வேகமாக ஓடும்.

மிருதங்கம் படிக்கிற பையன் மட்டும் இடது கையைப் பார்ப்பான்!

ஏன்? அங்கேதான் தொப்பி இருக்கிறது.

மிருதங்கத்துக்கு முகம் இரண்டு. நடுவில் கறுப்பு வட்டம் உள்ள முகம் வலந்தலை. மணிபோல் ஒலிப்பது அது. மற்றது இடந்தலை. அதற்குத்தான் தொப்பி என்று பெயர். அடித்தொண்டையில் பேசுவது அது. முதல் நாள் பாடமே "தத், தித், தொம், நம்" என்ற நான்கு சொற்கள்தான். அதில் மூன்றாவது சொல்லான "தொம்", தொப்பிக்கு உரியது. நான்கு சொற்களையும் ஒரே நாளில் சொல்லக் கற்றுக்கொள்ளலாம். அந்தத் "தொம்" ஒழுங்காகப் பேச வருஷங்கள் ஆகும்.

சோறும் ரவையும்

வலந்தலையின் கறுப்பு வட்டத்தில் இருப்பது என்ன தெரியுமா? சோறு! ஆம், நாம் உண்ணும் சோறுதான். கிட்டான் கல்லைப் பொடி செய்து, சலித்து, சோற்றுடன் பிசைந்து, தோலின் மீது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து ஏற்றுவார்கள். நெல் விளையும் தஞ்சைச் சீமையில் வாத்தியமும் சோறு கேட்பதில் வியப்பு இல்லை.

தொப்பிக்குச் சோறு கிடையாது. அதற்கு ரவை. கச்சேரி தொடங்குவதற்குச் சற்று முன்பு, ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து நடுவில் அப்புவார்கள். கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். பாரம் ஏறிய தோல் மெதுவாக அதிரும். மெதுவாக அதிர்ந்தால் ஒலி தாழும். சூட்சுமம் அவ்வளவுதான். ஆனால் ரவை கொஞ்சம் கூடினால் குரல் அமுங்கிப் போகும். குறைந்தால் வெறும் தோல் சத்தம் கேட்கும். பாதிக் கச்சேரியில் ரவை காய்ந்து போவதும் உண்டு. அப்போது வித்வான் விரலை நனைத்துத் தடவிக் கொள்வார்.

திருவானைக்காவலில் 1888-ம் ஆண்டு பிறந்த சர் சி.வி. ராமன், இந்தத் தோல் வாத்தியங்களை ஆராய்ந்தார். 1920-லும் 1934-லும் அதைப்பற்றிக் கட்டுரைகள் எழுதினார். சாதாரண முரசில் எழும் பலவித ஒலிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவது இல்லை. நம் நாட்டு மிருதங்கத்திலும் தபலாவிலும் நடுவில் பாரம் ஏற்றியிருப்பதால், அவை தந்தி வாத்தியத்தைப்போல இசைந்து ஒலிக்கின்றன என்று காட்டினார். நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி கண்டு சொன்னதை, தஞ்சாவூர்த் தொழிலாளர்கள் கையால் அறிந்து வைத்திருந்தார்கள்.

கும்கி

தொப்பியில் ஒரு வித்தை உண்டு. அதற்குக் கும்கி என்று பெயர். விரல்களால் தொப்பியைத் தட்டி, ஒலி அடங்குவதற்குள் உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் தோலை அழுத்தி நகர்த்த வேண்டும். உடனே அந்தத் தாழ்ந்த ஒலி வளைந்து மேலே எழும்பும். மாடப்புறா குமுறுவது போலக் கேட்கும். அழுத்தம் சற்று முந்தினால் ஒலி செத்துவிடும். பிந்தினால் புறா பறந்துவிடும்!

மெதுவான காலப்பிரமாணத்தில் பாட்டு நடக்கும்போது, ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே பெரிய வெற்றிடம் இருக்கும். அதை வலது கைச் சொற்களால் நிரப்பினால் சளசளப்பாகிவிடும். அந்த இடத்தில் ஒரே ஒரு கும்கி போதும். பாட்டு தரையில் காலூன்றி நிற்கும். கேட்பவர்களுக்குக் காரணம் தெரியாது. பாட்டு நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

காரணம் தெரிந்தவன் மாணவன். அந்த இடத்தை மனத்தில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடுவான். அது வரும்வரை தட்டுவான். அக்கம்பக்கத்தார் பாடு திண்டாட்டம்தான்!

சினிமாப் பாட்டிலும் இதே கதை உண்டு. 1976-ம் ஆண்டு "அன்னக்கிளி" படத்தின் மூலம் வந்த இளையராஜாவின் பாடல்களில், அடியில் ஓடும் பேஸ் கிட்டாரை மட்டும் தனியே பிரித்து வாசிக்கப் பழகும் இளைஞர்கள் ஏராளம். பாட்டின் மெட்டை ஊரே முணுமுணுக்கும். அவர்கள் முணுமுணுப்பது வேறு!

இடது கைக்காரர்

தஞ்சாவூர் வைத்தியநாத அய்யர் புகழ் பெற்ற மிருதங்க ஆசிரியர். பாலக்காட்டு மணி அய்யர் (1912-1981) அவரிடம் வந்து பாடம் கேட்டவர். சங்கீத கலாநிதி பட்டம் பெற்ற முதல் மிருதங்க வித்வான் மணி அய்யர்தான். அது 1966-ம் ஆண்டு. கும்பகோணத்துக்கு அருகில் உள்ள உமையாள்புரத்தில் 1935-ல் பிறந்த சிவராமனும் வைத்தியநாத அய்யரிடமும் மணி அய்யரிடமும் பயின்றவர். இது தஞ்சாவூர் வழி.

தஞ்சாவூருக்குத் தெற்கே, ஆற்றுப் பாசனம் முடிந்து வானம் பார்த்த பூமி தொடங்கும் இடத்தில் புதுக்கோட்டை இருக்கிறது. அங்கே இன்னொரு வழி வளர்ந்தது. அந்த வழியில் வந்தவர் பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908-1962). தொப்பி என்றதும் இன்றும் சொல்லப்படும் பெயர் அவருடையது.

ஆனால் அவர் இடது கைக்காரர்! வலந்தலையை இடது கையால் வாசிப்பார். தொப்பி அவருக்கு வலது கையில்.

இதனால் என்ன என்று கேட்கலாம். மேடையில் அது பெரிய விஷயம். வலந்தலை சபையைப் பார்த்து இருக்க வேண்டும். அதற்காக மிருதங்கக்காரர் பாடகரின் வலது பக்கத்தில் அமர்வது வழக்கம். இடது கைக்காரர் என்றால் எதிர்ப்பக்கம் அமர வேண்டும். அது பிடில்காரரின் இடம். "நான் ஏன் மாற வேண்டும்?" என்று பிடில் வித்வான்கள் கேட்டால் வாய்ப்பு போய்விடும். பழனிக்கு அப்படித்தான் ஆயிற்று. கையில் வித்தை இருந்தும் உட்கார இடம் இல்லை.

செம்பை வைத்தியநாத பாகவதர் அவருக்குத் துணை நின்றார். தம் கச்சேரிகளில் வாசிக்க வைத்தார். சபை கேட்டது. பிறகு மணி அய்யர், ராமநாதபுரம் முருகபூபதி ஆகியோருடன் சேர்த்து, மிருதங்க மும்மூர்த்திகளில் ஒருவர் என்று பழனி போற்றப்பட்டார். அவருடைய கும்கியை எட்டிவிட வேண்டும் என்று மாணவர்கள் முயன்றார்கள். இன்றும் முயல்கிறார்கள்.

அவருடைய சிஷ்யர் பூவாளூரில் பிறந்த திருச்சி சங்கரன். இவர் வலது கைக்காரர். குருவும் சிஷ்யரும் எதிரெதிரே அமர்ந்தால், குருவின் தொப்பிக்கு நேர் எதிரே சிஷ்யரின் தொப்பி இருக்கும். கண்ணாடியில் பார்ப்பது போலத்தான்! மேடையில் தடையாக இருந்தது பாடத்தில் வசதியாகிவிட்டது. சங்கரன் 1971 முதல் கனடாவில் டொரண்டோ நகரத்து யார்க் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் கற்பித்தார். காவிரிக்கரையின் கும்கி பனி பெய்யும் ஊரிலும் கேட்டது.

பெயர் கேட்காத கைகள்

தொப்பியின் வெளித் தோல் எருமைத் தோல். உள்ளே ஆட்டுத் தோல். கட்டை பலா மரம். தோலைத் தேர்ந்தெடுத்து, மூட்டி, வாரால் இழுத்துக் கட்டுவது கடுமையான வேலை. தஞ்சாவூரில் செபாஸ்டியன் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்தார்கள். அந்தக் குடும்பத்துப் பர்லாந்தும் மணி அய்யரும் சேர்ந்து, எந்தத் தோல் எப்படிப் பேசும் என்று ஓயாமல் சோதித்தார்கள். மணி அய்யரின் பெயர் மேடைதோறும் முழங்கியது. பர்லாந்தின் பெயரை யாரும் அறிவிக்கவில்லை. பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020-ல் வெளியிட்ட புத்தகம் வந்த பிறகுதான் இந்தக் குடும்பங்களின் கதையை வெளியார் பலர் படித்தார்கள். தோலைத் தொட்டவர்கள் என்று ஒதுக்கி வைத்துவிட்டு, அந்தத் தோலின் நாதத்துக்குத் தலையாட்டியவர்கள் எத்தனை பேர்!

எங்கே உட்கார்வது?

பழைய இசைத்தட்டுகளில் தாழ்ந்த ஒலி சரியாகப் பதியவில்லை. சின்ன ரேடியோவிலும் கைப்பேசியிலும் தொப்பி பாதி காணாமல் போய்விடும். மணி அய்யர் ஒலிபெருக்கியே வேண்டாம் என்று சொன்னவர். தொப்பியைக் கேட்க வேண்டுமானால் நேரில் போக வேண்டும்.

திருவையாற்றில் காவிரிக்கரையில் தியாகராஜர் ஆராதனை ஆண்டுதோறும் நடக்கிறது. போனால் ஒன்றைக் கவனியுங்கள். தொப்பி சபைக்கு எதிர்ப்புறம், மேடையின் பின்பக்கம் பார்த்து இருக்கும். மிருதங்கம் படிக்கிற பையன்கள் முன்வரிசைக்குப் போட்டி போடமாட்டார்கள். வித்வானுக்குப் பின்னால் எங்காவது ஒரு மூலையில் இடம் கிடைக்குமா என்றுதான் பார்ப்பார்கள்.