காய்ச்சல் விட்ட பிறகு

டெங்குவில் ஆபத்தான நேரம் காய்ச்சல் விடும் நேரம்தான். ஒரு தாய் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "அப்பாடா, சூடு இறங்கிட்டு" என்கிற அதே வேளையில், உள்ளே இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கியிருக்கலாம். இந்தக் கசிவு 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். அப்போது சேலைன் குறைந்தால் இரத்த அழுத்தம் சரியும்; கூடினால் நுரையீரலைச் சுற்றி நீர் கட்டும். 2017இல் இலங்கையில் 1,86,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு. அவர்களில் இப்படிக் கசிவு தொடங்கிய பிள்ளையின் உயிர் பல வேளைகளில் ஒரு தாளில்தான் இருக்கிறது: எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு சலம் வெளியே வந்தது.

தாள் கைமாறும்போதுதான் கோளாறு. லண்டன் கிரேட் ஓர்மண்ட் ஸ்ட்ரீட் சிறுவர் மருத்துவமனையில் இதய சத்திரசிகிச்சை முடித்துக் களைத்திருந்த இரு மருத்துவர்கள் தொலைக்காட்சியில் காரோட்டப் பந்தயம் பார்த்தார்கள். சில விநாடிகளில் சக்கரம் மாற்றும் குழு. சத்தமில்லை, ஒருவர் மட்டுமே கட்டளையிடுகிறார். தங்கள் வார்டிலோ பிள்ளையைக் கைமாற்றும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள்! பெராரி பந்தயக் குழுவிடமே போய்க் கற்றார்கள். 2007இல் வெளிவந்த ஆய்வின்படி, ஒரு கைமாற்றத்தில் சராசரியாக 5.42 ஆக இருந்த தொழில்நுட்பப் பிழைகள் 3.15 ஆகின. புது மருந்தல்ல, புது மெஷினல்ல. யார் எப்போது பேசுவது என்ற ஒழுங்கு மட்டும்.

எண்களைக் கைமாற்றுவது இலேசு. பிள்ளை சுவாச மெஷினில் இருக்கும்போது, "இனி இந்த மெஷின் பிள்ளைக்கு உதவாது" என்பதைச் சொல்வதுதான் கடினம். காலை டொக்டர் "பார்ப்பம்" என்பார், இரவு டொக்டர் "கஷ்டம்" என்பார். பெற்றோர் பிடித்துக்கொள்வது காலையில் கேட்டதைத்தான். அதனால் குழு முதலில் தங்களுக்குள் வாதாட வேண்டும். இரவு முழுக்கப் பக்கத்தில் இருந்த தாதியும் அதில் பேச வேண்டும், அவர் ஆக இளையவராக இருந்தாலும்.

நம் பேச்சில் இன்னொரு சிக்கல். சிகிச்சையை நிறுத்துவதற்கும் பிள்ளையை விட்டு விலகுவதற்கும் சனங்கள் வைத்திருப்பது ஒரே சொல்: கைவிடுதல். "மெஷினை மட்டும்தான் நிறுத்துறம், நோவுக்கு மருந்து குடுப்பம், பக்கத்திலயே இருப்பம்" என்று சிங்கள டொக்டர் தன் மொழியில் ஐந்து நிமிடம் பொறுமையாக விளக்கலாம். மொழிபெயர்க்கப் பக்கத்துக் கட்டில் அக்காவைக் கூப்பிட்டால், அவர் இரண்டே சொல்லில் முடித்துவிடுவார்:

"கைவிட்டுட்டாங்களாம், பிள்ளை."